வலது கால்

ரொட்டி சுடும் ருஃபியோவின் வலது காலில் இருந்த ஆறாத புண்ணை, மழைக்காலம் முழுக்கப் புளித்த திராட்சை மதுவால் கழுவித் தேன் தடவி ஆற்றியவன் நான். அவன் நன்றி சொன்னதோ மருத்துவக் கடவுளுக்கு. ரோமாபுரியில் அதுதான் வழக்கம். குணமான உறுப்பைச் சுட்ட களிமண்ணில் வாங்கிக் கோயிலில் மாட்டுவார்கள். கிரேக்கத்திலிருந்து கப்பலேறி வந்த வைத்தியனுக்கு ஒரு களிமண் சுண்டுவிரல்கூடக் கிடைக்காது.

இன்று அவன் மறுபடியும் நொண்டிக்கொண்டு வந்தான். இந்த முறை இடது கால்.

"குயவன்கிட்ட வலது கால் அச்சு உடைஞ்சுபோச்சாம். இருந்த இடது காலை வாங்கி மாட்டிட்டேன். சாமி குழம்பிடுச்சு வைத்தியரே."

"சாமிக்கு வேற வேலை இல்லையாய்யா? நாளெல்லாம் அடுப்படியில நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திக்கொண்டே துணியை அவிழ்த்தேன். கணுக்காலுக்கு மேலே அதே இடத்தில், அதே பிறை வடிவத்தில் புண்.

மருந்து போட்டு அனுப்பிவிட்டு நேராகக் குயவன் கடைக்குப் போனேன்.

"ஒரு வலது கால் செய்யத் துப்பில்லாம என்னய்யா கடை வச்சிருக்கே?"

"அச்செடுக்க யாரும் காலைக் கொடுக்க மாட்டேங்கிறாங்கய்யா. பயப்படுறாங்க."

"பயமாம், பயம்!" செருப்பை உதறிவிட்டு என் வலது காலை நீட்டினேன்.

குயவன் ஈரக் களிமண்ணை இரு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தான்.

"புண்ணு எந்த இடத்துலங்கய்யா?"

குனிந்து, கணுக்காலுக்கு மேலே தொட்டுக் காட்டினேன். உடனே விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.