பிசிறில்லாத பூச்சு

“துணி தைக்கிற கைக்குக் கரணை எதுக்குங்க? கொத்தனாரைக் கூப்பிடலாம்.”

மனைவி சொன்னதைத் தையல்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வீடியோ பார்த்தே பூச்சு வேலை படித்தவர், புதிதாகக் கட்டிய கூடத்தின் சீலிங்கைத் தானே பூசிவிட்டு, மீசையெல்லாம் சிமென்ட்டாக இறங்கி வந்தார்.

அண்ணாந்து பார்த்தவள் அசந்துபோனாள்.

“இஸ்திரி போட்ட சட்டை மாதிரியில்ல இருக்கு!”

“பின்னே? நட்டநடுவுல ஒரு கம்பி வளைஞ்சு தொங்கிச்சு. தைச்ச துணியில பிசிறு தொங்கினா விடுவேனா? அறுத்தெறிஞ்சுட்டுப் பூசிட்டேன்!”

அவள் உள்ளே போய் ஓர் அட்டையை எடுத்துவந்து அவர் கையில் திணித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இது எதுக்கு?”

“நீங்க அறுத்தது ஃபேன் மாட்டுற கொக்கி. ம், அஞ்சாம் நம்பர்ல வீசுங்க!”