தூக்கிய கை

"உங்க வகுப்புல குண்டூசி விழுந்தாக்கூட கேக்குது, டீச்சர்!" என்று பாராட்டிவிட்டுப் போனார் தலைமையாசிரியர்.

டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் பெஞ்சுச் சிறுமி மறுபடியும் கை தூக்கியிருந்தாள். டீச்சர் பார்க்காததுபோல் பின்பெஞ்சில் கேள்வி கேட்டாள். இவளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது.

திடீரென்று வகுப்பே சிரித்தது. சிறுமியின் காலடியில் ஈரம்.

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"கை தூக்கினேன், டீச்சர். நீங்க கூப்பிடாம பேசக்கூடாதே."

"அவசரம்னா எழுந்து ஓட வேண்டியதுதானே?"

"மணி அடிக்காம வெளிய போகக்கூடாதுன்னு சொன்னீங்களே, டீச்சர்."

இரண்டும் டீச்சர் போட்ட சட்டம்தான். துணியை எடுத்துவந்து, குனிந்து தரையைத் துடைத்தாள். சிறுமி உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் நின்றாள்.

கடைசி மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள். சிறுமி மட்டும் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்க. இப்போ கூப்பிடலாமா, டீச்சர்?"

தரையிலிருந்து நிமிராமலே டீச்சர் தலையை ஆட்டினாள்.

"அம்மா!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள் சிறுமி.