நொடிக்கு நூற்று இருபது

“அண்ணே, பெட்டியில ஒரு குறையும் இல்லண்ணே. சத்தியமா சொல்றேன்.”

“நல்லாப் பாரும்மா. ஆடிட்டிருக்கும்போதே படம் அப்படியே நின்னு போகுது. அப்புறம் திடீர்னு எங்கயோ தாவுது.”

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அந்தச் சின்னக் கடையை அவள் தனி ஆளாக நடத்தி வந்தாள். அவர் அதே கேமிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது இது மூன்றாவது முறை. ஐம்பதை நெருங்கும் மனிதர். கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. திரையில் நொடிக்கு நூற்று இருபது படங்கள் ஓடவேண்டிய இடத்தில் பத்துகூட ஓடவில்லை என்பது அவர் புகார்.

முதல் முறை உள்ளே அடைந்திருந்த தூசியை ஊதிச் சுத்தம் செய்து கொடுத்தாள். இரண்டாம் முறை மெமரியை மாற்றினாள். போதாது என்று அவரே பிடிவாதமாகப் புது கிராபிக்ஸ் கார்டும் போடச் சொன்னார். இன்று காலையிலிருந்து சூடு, மின்சாரம், மானிட்டர் ஒயர் என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

“பத்துன்னு எப்படிண்ணே சொல்றீங்க? திரை ஓரத்துல நம்பர் காட்டுமே, பாத்தீங்களா?”

“ஆடும்போது நம்பரை யாரு பாக்குறா?”

“சரி, என் முன்னாடியே உக்காந்து ஆடுங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்.”

திரையும் அவரும் சேர்ந்து தெரிகிற மாதிரி செல்போனைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து, வீடியோ எடுக்கவிட்டாள்.

அவர் அருமையாக ஓட்டினார். முந்த வந்த கார்களை அநாயாசமாகக் கழற்றிவிட்டார். பன்னிரண்டாவது நிமிடம், நேர்ச் சாலையில், கார் விலகிப் போய்ச் சுவரில் மோதியது.

“பாத்தியா? நின்னுச்சு, பாத்தியா?” என்றார், வழக்கில் ஜெயித்தவர்போல.

அவள் போனை எடுத்து அவருக்கு ஓட்டிக் காட்டினாள்.

ஓரத்து எண் நூற்று இருபதிலிருந்து அசையவில்லை. சாலை ஓடிக்கொண்டே இருந்தது. நின்றுபோனது அவர்தான். கண் திறந்தபடியே இருக்க, உதடு எதையோ மெல்வதுபோல் அசைய, விரல்கள் பட்டன்மேல் விறைத்துக் கிடந்தன. ஒன்பது நொடி. கார் மோதிய பிறகுதான் அந்த முகத்தில் மறுபடி ஆள் வந்தது.

இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு போனைக் கையில் வாங்கி, வீடியோவை அவரே அழித்தார்.

“அண்ணே, இது மிஷின் சமாச்சாரம் இல்ல. ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க.”

“நாலு மாசம் முன்னாடியே பாத்துட்டேன்மா. அவரும் இதையேதான் சொன்னாரு, இது ஒரு மாதிரி வலிப்புன்னு.” குரல் இறங்கிப் போயிருந்தது. “அவர் சொன்னது தப்பா இருந்துடக் கூடாதா, கோளாறு பெட்டியிலதான்னு ஆயிடக் கூடாதான்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தேன். பெட்டின்னா மாத்திடலாம் இல்லையா?”

“மாத்திரை குடுத்திருப்பாரே?”

“சாப்பிட்டா தூக்கம் தூக்கமா வருது. வேலைக்கு ஆகாது. விட்டுட்டேன்.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா மறுநாளே என்னை வீட்ல உக்கார வச்சிடுவா. ரெண்டு பொண்ணுங்க படிக்குதும்மா.”

“அப்படி என்ன வேலைண்ணே பாக்குறீங்க?”

காதில் விழாதவர்போல் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று பத்து. பெட்டியை நாளைக்கு எடுத்துக்கொள்வதாக முணுமுணுத்துவிட்டு அவசரமாகப் படியிறங்கினார்.

என்னவோ உறுத்த, அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் நிழலில் நின்ற மஞ்சள் வேனின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அவர் கதவைச் சாத்திக்கொண்டார். பள்ளிக்கூடம் விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.