நூற்றிருபது துடிப்பு

மலை ஏரியின் அடியில், அசையாமல் கிடந்த நீச்சல்காரரின் கையில் ஸ்போர்ட்ஸ் வாட்ச் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நண்டு ஒன்று பக்கத்தில் வந்து வாட்ச்சிடம் கேட்டது.

"தண்ணி சில்லுன்னு இருந்தா உனக்கு நாடித்துடிப்பே பிடிபடாதே. இவரும் உன்னைத் துடைச்சு, பட்டையை இறுக்கி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாப்பாரே. இப்ப சரியாயிடுச்சா?"

"இல்ல. ஆனா வெறும் கோடு காட்டினா திட்டுறாரு. அதான் நானே நூத்தியிருபதுன்னு போட்டுடறேன்."

நண்டு அவர் விரலைத் தொட்டது. சட்டென்று பின்வாங்கியது. "இப்பவுமா?"

"ஆமா. இன்னைக்கு ஒரு தடவைகூடத் திட்டலையே!"

கரையில், அவரைத் தேடப் படகை அவிழ்த்துக்கொண்டிருந்தவரிடம் நீச்சல்காரரின் மனைவி ரோசலின் செல்போனை நீட்டினாள். "வாட்ச்சுல நூத்தியிருபது காட்டுது அண்ணே. இன்னும் நீந்திக்கிட்டுத்தான் இருக்காரு."

படகுக்காரர் கயிற்றைத் திரும்பக் கட்டினார்.