மறுமுனையில் பதில் இல்லை

சிற்றரசுவின் நினைவுகள் காலையிலிருந்து பேக்கப் ஆகாமல் ஹேங் ஆகி நின்றன. ரிப்பேருக்கு வந்த ஜெசிந்தா அவன் காதுக்குப் பின்னால் கேபிளைச் செருகி, லினக்ஸ் திரையில் சிக்கி நின்ற பேக்கப் புராசஸைக் கொல்லக் கட்டளை கொடுத்தாள். அது சாகவில்லை.

"எங்கிருந்தோ வரவேண்டிய பதிலுக்குக் காத்துட்டிருக்கு சார். பதில் வர்ற வரைக்கும் அசையாது."

"அதை விட்டுட்டு மத்ததை ஏத்துங்க. ஆபீஸ்ல இன்னிக்கே கேக்கறாங்க."

எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். எல்லாக் கல்யாணத்திலும் தாலி கட்டிய கையோடு இரண்டு தலைகளையும் இணைத்துவிடுவார்கள். அந்த இணைப்பில்தான் நின்றிருந்தது. மறுமுனையில் அவன் மனைவி வளர்மதி.

"மேடம் எங்க சார்?"

"உள்ள தூங்கறா."

தூங்கினாலும் பதில் வரும். மயங்கிக் கிடந்தாலும் வரும். ஜெசிந்தா கேபிளை உருவிச் சுருட்டத் தொடங்கினாள். அவன் விரல் முட்டியில் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று குத்தி நின்றதை அப்போதுதான் பார்த்தாள்.

திரையில் இருந்த பெயரை அவனும் படித்துவிட்டான்.

"முதல்ல இந்த இணைப்பைக் கழட்டியிருக்கணும். கோவத்துல தோணல" என்றான்.

அவள் கதவுக்கு ஓடினாள். அவன் எடுத்த அம்மிக்குழவியில் ஏற்கெனவே நீளமான முடி ஒட்டியிருந்தது. முதல் அடியில் தாடை உடைந்தது. இரண்டாவது அடியை அவள் பார்க்கவில்லை.

அம்பத்தூரில் அவள் கணவன் ரெக்ஸின் பேக்கப் பாதியில் ஹேங் ஆகி நின்றது. அவன் அலட்டிக்கொள்ளவில்லை. எப்படிச் சரிசெய்வது என்று கேட்க, வழக்கம்போல ஜெசிந்தாவுக்கே போன் போட்டான்.