திட்டத்துக்கு முன்

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலை. மேம்பாட்டுத் திட்டப் போட்டியின் இறுதிச் சுற்று காலை பதினொரு மணிக்கு உணவுக் கூடத்தில் தொடங்கியது. ஏழு குழுக்கள். குழுவுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் துணி காயப்போடும் கிளிப்புகள். ஐந்து நிறம்.

முதல் இரண்டு டஜன் அவள் வீட்டுக் கொடியிலிருந்து வந்தவை.

ஜெயிக்கும் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளி யாராவது இருந்தால் அவரை நிரந்தரமாக்குவோம் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. ஒப்பந்தத்தில் அவளுக்கு இது ஏழாவது வருடம்.

“உங்க ஐடியாதானேக்கா. உங்க பேர் இல்லாமயா?”

ஹேமாவதி சொன்னது. தரப் பிரிவின் இளம் பொறியாளர். ஆறு மாதமாக மதியச் சாப்பாடு இவளோடுதான். புளிக்குழம்பு என்றால் டப்பாவையே மாற்றிக்கொள்வாள்.

இப்போது மேடையில் ஹேமாவதி. தொழிலாளிகளுக்கும் புரியட்டும் என்று திரையில் எல்லாம் தமிழில் வந்தது.

முதலில், குழு. நான்கு பெயர்கள். நாலு பேரும் பொறியாளர்கள்.

தொழிலாளி பெயரைக் கடைசியில் போடுவார்களாக இருக்கும்.

அடுத்து, ‘திட்டத்துக்கு முன்’ என்று தலைப்பிட்ட படம்.

தையல் முடிந்த ஷூ மேல்பாகங்கள் மேஜை நிறையக் குவிந்து கிடந்தன. சைஸ் எண் உட்புறத்தில் பொடியாக இருக்கும். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். முப்பத்தெட்டோடு முப்பத்தொன்பது போய்விடும். படத்தில் ஒருத்தி குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. தலையில் வலைத்தொப்பி. இரண்டு கைகளிலும் சிவப்பு வளையல்.

அது அவள்தான்.

பொங்கல் முடிந்த வாரத்திலேயே அவள் சைஸுக்கு ஒரு நிறமாகக் கிளிப் மாட்டத் தொடங்கிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. ஜோடி மாறுவது நின்றுபோனது. ஏப்ரலில் ஹேமாவதி அதை எழுத வந்தபோது எல்லாம் இருந்தது, பழைய நிலையைக் காட்டும் படம் மட்டும் இல்லை. அது இல்லாமல் திட்டம் செல்லாது.

ஆகவே ஒன்றை உண்டாக்கினார்கள்.

இருநூறு ஜோடியின் கிளிப்புகளையும் அவளே கழற்றினாள். அவளே குவித்தாள்.

“அக்கா, தேடற மாதிரி நில்லுங்கக்கா.”

“தேடவா? எனக்கு அது மறந்தே போச்சும்மா.”

பக்கத்து மேஜை நவநீதம் விடவில்லை. “ஞாயித்துக்கெழம ஆனா உம் புருஷன தெருத்தெருவா தேடுவியே, அப்டித் தேடுடி!”

வரிசையே சிரித்தது. அவளும் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்தாள். அந்த நேரத்தில் எடுத்த படம். ஷிப்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் திரும்பக் கிளிப் மாட்டினாள்.

திரையில் அவள் சிரிப்பது தெரியவில்லை.

அடுத்து, காரணம் கண்டறிதல். ஏன்? ஏன்? ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து ஏன்.

ஐந்தாவதற்கு எதிரே: தொழிலாளியின் கவனக்குறைவு.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

நடுவர் வேறொரு தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளிப்பைப் பார்க்க வேண்டும் என்றார். ஹேமாவதி இரண்டாவது வரிசையைப் பார்த்துக் கையசைத்தாள்.

அவள் எழுந்து மேடையேறினாள். டப்பாவை நீட்டினாள்.

“வெச்சிட்டுப் போம்மா,” என்றாள் ஹேமாவதி.

ஆறு மாதமாக அக்கா.

நடுவர் மஞ்சள் கிளிப் ஒன்றை எடுத்து இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். முதல் படத்தைத் திரும்பப் போடச் சொன்னார்.

“சரி, இந்தம்மாவ என்ன பண்ணீங்க?”

அவள் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே வளையல்.

ஹேமாவதி மடிக்கணினியைப் பார்த்தாள்.

“அந்த டேபிள்லேர்ந்து மாத்தியாச்சு சார்.”

“அதான் செய்யணும்,” என்று நடுவர் தாளில் ஏதோ குறித்தார்.

அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடைசித் திரையில் ‘நன்றி’ என்று மட்டும் இருந்தது.

முதல் பரிசு அந்தத் திட்டத்துக்கே கிடைத்தது. குழுவில் ஒப்பந்தத் தொழிலாளி யாரும் இல்லாததால் நிரந்தரப் பணி யாருக்கும் வழங்கப்படவில்லை.

திங்கட்கிழமை காலை பணிப் பட்டியலில் அவள் பெயர் பசை பூசும் பிரிவில் இருந்தது.

“அடுத்த வாரம் ஆடிட் பண்ண வராங்க,” என்றார் சூப்பர்வைசர். “மேடையில சொன்னது சொன்னபடி இருக்கணும்ல?”

பசை பூசும் இடத்தில் வளையல் போடக்கூடாது. கழற்றி உணவுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய பழைய மேஜைக்கு நவநீதத்தை மாற்றியிருந்தார்கள். வியாழக்கிழமை, நவநீதம் கையில் இரண்டு கிளிப்போடு பசை நெடிக்குள் வந்து நின்றாள்.

“ஏன்டி, பச்ச எந்த சைஸு? நீலம் எது? காலையிலேர்ந்து பதினாலு ஜோடி மாறிப்போச்சு. மேல சத்தம் போடறாங்க.”

அவள் பிரஷ்ஷைப் பசையில் தோய்த்தாள்.

“போர்டுல ஒட்டியிருக்காங்களே. போய்ப் பாரு.”

நவநீதம் போய்ப் பார்த்தாள். படம் இருந்தது. பரிசுக் கோப்பையோடு நால்வர் இருந்தார்கள். எந்த நிறம் எந்த சைஸுக்கு என்ற அட்டவணையும் இருந்தது, வரிசையாக ஐந்து கட்டங்கள்.

ஒட்டியிருந்தது கறுப்பு வெள்ளைப் பிரதி.