முதுகில் மாதுளை நிறம்

தோல் பைக்கு உள்துணி ஒட்டிக்கொண்டிருந்தவரின் மேஜைமேல், கடைக்கு வந்த ஒரு பெண் வெள்ளைச் சட்டையை விரித்தாள். முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை.

"லாண்டரிக்காரர் இது தோல் சாயம்னு சொன்னார். உங்களோடதா?"

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாலும், நிறத்தைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்னோடதேதான். மாதுளை நிறம். வேற யாருக்கும் இந்தக் கலவை வராது. சட்டை யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது. பஸ்ல யாரோ இடிச்சிட்டாங்களாம்."

"இடிச்சா ஒரு கோடுதாம்மா விழும். இங்க பாருங்க, தையல்கூட அப்படியே பதிஞ்சிருக்கு. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தவங்க, பையை மடியில வெச்சு நல்லா ஒட்டி உக்காந்திருக்காங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அசரவில்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இந்த நிறத்துல எத்தனை பை செஞ்சீங்க?"

"நிறைய செஞ்சேன். ஆனா என் பை சாயம் விடாதும்மா. மேல்பூச்சு காயாம ஒரு பை கடையைத் தாண்டாது. ஒண்ணே ஒண்ணுதான், புது ஆபீஸ்ல சேரணும், இன்னிக்கே வேணும்னு உயிரை வாங்கி, பூச்சே இல்லாம..."

அவர் கண் மறுபடி சட்டைக் கறைக்குப் போனது.

"அதை யாருக்கு வித்தீங்க?"

"விக்கல." அவர் பசை பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "என் சம்சாரத்துக்குக் கொடுத்தது."

உள்துணியில் பசை காய்ந்துகொண்டிருந்தது. அவர் சட்டையை நிதானமாக மடித்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு எந்த ஆபீஸும்மா?"